‘மாற்றியாகிவிட்டது’ என்று சொன்ன ரசீது: ஒரு வி8 என்ஜினின் செயின் டென்ஷனர்கள்

வண்டியும் அதன் கோப்பும்

2013 ஜனவரி கடைசியில், இங்கிலாந்தின் மத்தியப் பகுதியில் நான் வேலை செய்யும் சிறிய கராஜுக்கு 1998 மாடல் சொகுசு கார் ஒன்று வந்தது. 4 லிட்டர் வி8 பெட்ரோல் என்ஜின் (பக்கத்துக்கு நான்காக எட்டு சிலிண்டர்), 32 வால்வு, 83,000 மைல் ஓடியது. தயாரித்த நிறுவனம், உரிமையாளர், இதற்கு முன் இந்த வண்டியில் கை வைத்த கராஜ்கள் என்று யாருடைய பெயரையும் இங்கே எழுதவில்லை. இந்த என்ஜினோடு பழகியவர்கள் விவரங்களை வைத்தே கண்டுகொள்வார்கள். மற்றவர்களுக்கு எந்த வண்டி என்பதைவிட என்ன நடந்தது என்பதுதான் பயன்படும்.

உரிமையாளர் ஓய்வு பெற்ற நில அளவையாளர். ஐந்து வருடம் முன்பு பழைய வண்டியாக வாங்கியிருந்தார். வருடத்துக்கு 3,000 மைல் ஓடினால் அதிகம், அதுவும் கடை, மருத்துவமனை, மகள் வீடு என்று பக்கத்துப் பயணங்கள்தான். வண்டியோடு தடிமனான ஒரு நீலக் கோப்பும் வந்தது. முதல் சர்வீஸ் தொடங்கி எல்லா ரசீதும் தேதி வாரியாக அதில் இருந்தன. இவ்வளவு ஒழுங்கான கோப்பை நான் அதிகம் பார்த்ததில்லை. இந்த விஷயத்தில் எங்களைத் தடுமாற வைத்ததும் அந்தக் கோப்பில் இருந்த ஒரு தாள்தான்.

2001 மே மாதத் தேதியிட்ட ரசீது அது. வண்டி அப்போது 38,000 மைல். ‘மேல் செயின் டென்ஷனர்கள் இரண்டும் மாற்றப்பட்டன’ என்று ஒரே வரி. பாகத்தின் எண் இல்லை. எதை எடுத்தார்கள், எதைப் போட்டார்கள் என்ற விவரமும் இல்லை.

செயின்கள் ஓடும் விதம்

இந்த என்ஜினில் மொத்தம் நான்கு டைமிங் செயின்கள். பிஸ்டன்களின் ஓட்டத்தோடு வால்வுகள் ஒத்துத் திறந்து மூட வைப்பவை இவைதான். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்டிலிருந்து பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீளச் செயின்கள் மேலே ஏறி, இரு பக்கத்து இன்லெட் கேம்ஷாஃப்டுகளை (காற்று உள்ளே வரும் வால்வுகளைத் திறக்கும் தண்டுகள்) சுழற்றுகின்றன. அங்கிருந்து எக்ஸாஸ்ட் கேம்ஷாஃப்டை (புகை வெளியேறும் வால்வுகளுக்கானது) சுழற்ற, ஒவ்வொரு பக்கமும் ஒரு குட்டைச் செயின். ஒவ்வொரு செயினும் தளராமல் இருக்க ஒரு டென்ஷனர் உண்டு. உள்ளே சின்ன ஸ்பிரிங், அதற்குத் துணையாக என்ஜின் ஆயிலின் அழுத்தம். இரண்டும் சேர்ந்து ஒரு நழுவுபட்டையைச் செயின் மீது அழுத்திப் பிடிக்கின்றன.

சிக்கல் குட்டைச் செயின்களின் டென்ஷனரில். ஆரம்பகால என்ஜின்களில் அதன் உடலே பிளாஸ்டிக். தினமும் சூடாகி, தினமும் ஆறி, கொதிக்கும் ஆயிலில் ஊறி வருடங்கள் போனால் அது நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். இரவு முழுக்க நின்ற வண்டியில் டென்ஷனருக்குள் இருந்த ஆயில் வடிந்திருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் அழுத்தம் ஏறும் வரை சில விநாடிகள் ஸ்பிரிங் மட்டும்தான் தாங்குகிறது. அந்தச் சில விநாடிகளில் செயின் நழுவுபட்டையைச் சாட்டை போல அடிக்கிறது. பட்டை தேயும், உடல் விரிசல் விடும், கடைசியில் உடையும். உடைந்தால் எக்ஸாஸ்ட் கேமின் பல்சக்கரத்தில் செயின் ஒரு பல் தாண்டலாம். தாண்டினால் பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு திறந்து நிற்கும். ஒன்றோடொன்று மோதி வால்வுகள் வளையும். அந்த வயதுக் காரில் அதைச் சரிசெய்யும் செலவு வண்டியின் விலையைத் தாண்டிவிடும்.

பிளாஸ்டிக்கிலேயே ஒருமுறை திருத்தம் செய்து பார்த்த தயாரிப்பாளர், பிறகு அலுமினிய உடல் கொண்ட டென்ஷனருக்கு மாறினார். தொழிற்சாலையிலிருந்தே அலுமினிய டென்ஷனருடன் என்ஜின் வரத் தொடங்கியது 2001 ஆகஸ்டில். ஒரு என்ஜின் எப்போது செய்யப்பட்டது என்பது அதன் எண்ணைப் படித்தாலே தெரிந்துவிடும். பத்து இலக்கம்: முதல் இரண்டு இலக்கம் வருடத்துக்கு, அடுத்த இரண்டு மாதத்துக்கு, அப்புறம் நாள், மணி, நிமிடம். பிறந்த நேரத்தைக் குறித்து வைத்த குழந்தை போல. இந்த வண்டியின் எண் 9803 என்று தொடங்கியது, அதாவது 1998 மார்ச்.

கேட்ட சத்தம்

உரிமையாளரின் புகார் இது: காலையில் ஸ்டார்ட் செய்யும்போது முன்பக்கத்திலிருந்து ‘கடகட’வென்று ஒரு சத்தம், பிறகு நின்றுவிடுகிறது. போன இலையுதிர் காலத்திலேயே தொடங்கியிருக்கிறது. அப்போது வேறொரு கராஜில் காட்டியிருக்கிறார். டப்பெட் (கேமுக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள சிறு பாகம்) சத்தம்தான் என்று சொல்லி, கையேடு சொல்லும் 5டபிள்யூ-30 ஆயிலுக்குப் பதிலாக அதைவிடக் கெட்டியான 10டபிள்யூ-40 ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். சத்தமும் குறைந்திருக்கிறது. ஜனவரி உறைபனியில் திரும்ப வந்துவிட்டது.

வண்டியை இரவு வெளியே விட்டோம். காலை ஏழரைக்கு நான் வலது பக்கம், எங்களிடம் தொழில் பழகும் தம்பி இடது பக்கம் நின்றோம். முதலாளி சாவியைத் திருப்பினார். தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம், நான்கு விநாடி. பிறகு ஒன்றுமே இல்லை. வி8 பூனை மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை, கணினியில் பிழைக் குறியீடும் இல்லை.

“என் பக்கம்தான் அண்ணா, மேலே, முன்னுக்கு” என்றார் தம்பி. அவர் காது சரியாகவே கேட்டிருந்தது. டப்பெட் சத்தம் என்ஜின் சூடாகும் வரை தட்டிக்கொண்டே இருக்கும், கேம் கவரின் (கேம்ஷாஃப்டுகளின் மேல்மூடி) நீளம் முழுக்கக் கேட்கும். இது முன்முனையில் மட்டும் கேட்டது, ஆயில் அழுத்தம் வந்த கணத்தில் அறுந்தது போல நின்றது. உடனே என்ஜினை அணைக்கச் சொன்னேன்.

முதல் முடிவு: இனி ஸ்டார்ட் செய்வதில்லை

உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொரு நாள் காலையிலும் கேட்டுப் பார்க்கலாமே என்று முதலாளி நினைத்தார். நான் மறுத்தேன். ஆபத்தே அந்த முதல் நான்கு விநாடியில்தான். ஒவ்வொரு குளிர் ஸ்டார்ட்டும் விரிசல் விட்ட ஒரு பாகத்தைச் சுத்தியலால் அடிப்பது போல. கேட்பதால் கிடைக்கக்கூடிய தகவல் ஏற்கெனவே கையில் இருந்தது. கேம் கவரைத் திறந்தால் கண்ணாலேயே பார்க்கலாம், ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேர வேலை.

உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் உடனே அந்த 2001 ரசீதைச் சொன்னார். அதை மாற்றியாகிவிட்டதே, திரும்ப ஏன் அதற்குப் பணம் செலவழிக்க வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. முந்தைய கராஜும் அந்த ரசீதைப் பார்த்துத்தான் டென்ஷனரைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கியிருக்கிறது. உண்மையைச் சொன்னால், முதல் நாள் மாலை கோப்பைப் புரட்டியபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நீர்ப் பம்பையும் பெல்ட் உருளைகளையும் முதலில் பார்க்கலாம் என்று ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தேன்.

காலையில் சத்தம் கேட்ட பிறகு ரசீதின் தேதியை மறுபடியும் பார்த்தேன். மே 2001. அலுமினிய டென்ஷனருடன் என்ஜின்கள் வரத் தொடங்கியது ஆகஸ்டில். அப்படியானால் மே மாதம் போட்டது அநேகமாகப் பிளாஸ்டிக்காகவே இருக்கும். ரசீது சொன்னது பொய்யில்லை. மாற்றத்தான் செய்திருக்கிறார்கள், உடைந்துபோகும் ஒன்றை எடுத்துவிட்டு அதே இனத்தில் புதிதாக ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். அதற்கும் இப்போது பன்னிரண்டு வயது ஆகிறது.

இதை அவரிடம் விளக்கியதும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, திறந்து பாருங்கள், படம் எடுத்து அனுப்புங்கள் என்றார்.

கவரைத் திறந்தபோது

இடது பக்கம் முதலில். ஸ்பார்க் பிளக்குகளின் மேலுள்ள காயில்களை எடுத்தபோதே பிளக் குழிகள் இரண்டில் ஆயில் தேங்கியிருந்தது, குழாய்ச் சீல்கள் இறுகிப்போயிருந்தன. கவரைத் தூக்கினோம். இரண்டு கேம்களுக்கும் நடுவே, முன்முனையில், பழுப்பேறிய பிளாஸ்டிக் டென்ஷனர் உட்கார்ந்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். போல்ட் துளைக்குப் பக்கத்தில் தொடங்கிய விரிசல் உடலின் பாதி நீளத்துக்கு ஓடியிருந்தது. நகத்தை வைத்தால் இடுக்கில் நுழைந்தது. நழுவுபட்டையில் செயினின் தடம் இரண்டு ஆழமான கோடுகளாகப் பதிந்திருந்தது. பட்டையின் ஒரு ஓரத்தையே காணோம்.

வலது பக்கத்தில் விரிசல் இல்லை. கோடுகள் இருந்தன. அதுவும் அதே பிளாஸ்டிக்தான்.

இன்னும் எத்தனை காலைகள் தாங்கியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. படங்களைப் பார்த்த உரிமையாளர் வேறு எதுவும் கேட்காமல் வேலைக்குச் சம்மதித்தார்.

இரண்டாவது முடிவு: எங்கே நிறுத்துவது

இப்போது இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மேலேயுள்ள குட்டைச் செயின்களின் டென்ஷனர்களை மட்டும் மாற்றுவது. கேம் கவர்கள் ஏற்கெனவே திறந்திருந்ததால் ஒரு நாளில் முடியும். மற்றது, ரேடியேட்டர் மின்விசிறியைக் கழற்றி, கிராங்க் புல்லியை இழுத்து, முன் கவரையும் திறந்து, நீளச் செயின்களின் டென்ஷனர்களையும் அவற்றின் பிளாஸ்டிக் வழிகாட்டிகளையும் சேர்த்து மாற்றுவது. அதற்கு இன்னும் இரண்டு நாள் கூலி, கூடுதல் பாகங்கள்.

நீளச் செயின்களின் டென்ஷனர் உலோகம்தான். தேய்வது அந்தச் செயின் உரசும் வழிகாட்டிப் பட்டைகள். இருபக்கமும் மேலிருந்து எட்டிப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரிந்த வரை பட்டைகள் முழுதாக இருந்தன, செயினும் இறுக்கமாக இருந்தது. உரிமையாளரின் கையிருப்பும் தெரியும், அந்த நாளில் வண்டி எவ்வளவுக்குப் போகும் என்பதும் தெரியும். மேலே மட்டும் போதும் என்று நான் சொன்னேன், அவர் ஒப்புக்கொண்டார். இந்த முடிவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

மாற்றிய விதம்

கேபிள் டை போட்டுச் செயினை அதன் பல்சக்கரத்தோடு கட்டிவிட்டு, எக்ஸாஸ்ட் கேமை மட்டும் தளர்த்தி டென்ஷனரை உருவி எடுப்பது இந்த என்ஜினில் பலரும் பின்பற்றும் முறை. தவறில்லை, நானும் டை போட்டேன். ஆனால் அதை மட்டும் நம்பவில்லை. கிராங்க் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளை வழியே பூட்டு ஊசியைச் செருகினோம். கேம்களின் தட்டைப் பகுதிகள் மேலே பார்க்கும்படி வந்ததும் அவற்றின் மேல் பூட்டுத் தகட்டைப் போட்டோம். இதனால் இன்னொரு நன்மையும் உண்டு: தகடு இலகுவாக உட்கார்ந்தால் செயின் இதுவரை பல் தாண்டவில்லை என்று அர்த்தம். இரண்டு பக்கமும் இலகுவாக உட்கார்ந்தது. அந்த இடத்தில்தான் எனக்கு மூச்சு வந்தது.

முன்பக்கத்தில் செயின் கீழே இறங்கும் வாயைத் துணியால் அடைத்தோம். இந்த ஒரு விஷயத்தில் நான் யாரையும் அவசரப்பட விடமாட்டேன். டென்ஷனரைப் பிடிக்கும் போல்ட் அந்த வாய்க்கு நேர் மேலே இருக்கிறது. விழுந்தால் முன் கவரைக் கழற்றாமல் கிடைக்காது. தம்பி போல்டை எடுக்கும்போது நான் காந்தக் குச்சியைக் கீழே பிடித்துக்கொண்டிருந்தேன்.

கேமைப் பிடித்திருக்கும் சிறு மூடிகளின் போல்டுகளை ஒவ்வொன்றாக முழுசாகக் கழற்றக்கூடாது. ஒவ்வொன்றையும் அரைச் சுற்று, திரும்ப முதலிலிருந்து அரைச் சுற்று என்று பல சுற்றுகளில் இறக்க வேண்டும். வால்வு ஸ்பிரிங்குகள் ஒரு பக்கம் மட்டும் தள்ளினால் கேம் வளையலாம், உடையவும் செய்யலாம். திரும்ப மாட்டும்போதும் அதே ஒழுங்கு. அலுமினியத்தில் ஏறும் எம்6 போல்டுகள் அவை. சுமார் 10 நியூட்டன் மீட்டர்தான் தாங்கும், கை உணர்வை நம்பி இறுக்கினால் மரை போய்விடும். சின்ன டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளக்கும் ரெஞ்ச்) இல்லாதவர்கள் இந்த வேலையைத் தொட வேண்டாம்.

அலுமினிய டென்ஷனர்கள் இரண்டு, புதிய கேம் கவர் சீல்கள், பிளக் குழாய்ச் சீல்கள், கையேடு சொன்ன 5டபிள்யூ-30 ஆயில், புதிய வடிகட்டி. பூட்டுகளை எடுத்துவிட்டு, புல்லி போல்டில் ரெஞ்ச் போட்டுக் கையாலேயே கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றினோம். எங்கேயும் முட்டவில்லை. தகடு மறுபடி சரியாக உட்கார்ந்தது. எரிபொருளை நிறுத்தி ஸ்டார்ட்டரால் மட்டும் சில விநாடி சுழற்றி ஆயிலை ஏற்றிய பிறகே ஸ்டார்ட் செய்தோம். சத்தம் இல்லை. அடுத்த நாள் உறைபனிக் காலையிலும் இல்லை.

காணாமல் போன துண்டு

உடைந்த டென்ஷனரை எடுத்தபோது அது இரண்டாகப் பிளந்து வந்தது. எல்லாத் துண்டுகளையும் வெள்ளைத் துணி ஒன்றில் பரப்பி, உடைந்த பானையை ஒட்டுவது போலப் பொருத்திப் பார்த்தோம். நழுவுபட்டையின் ஓரத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு குறைந்தது. ஆயிலை வடித்து மெல்லிய துணியில் வடிகட்டியதில் இரண்டு சிம்புகள் கிடைத்தன. அந்தத் துண்டு கிடைக்கவில்லை.

“சம்பைக் கழற்றவா அண்ணா?” என்று தம்பி கேட்டார். என்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டிதான் சம்ப். நான் வேண்டாம் என்றேன். அது எப்போதோ உடைந்து, முந்தைய ஆயில் மாற்றத்தில் வெளியே போயிருக்கும் என்று நினைத்தேன். மாலை ஐந்து மணி, உரிமையாளர் வாசலில் காத்திருந்தார். அவரிடம் ஒரு துண்டு கணக்கில் வரவில்லை என்பதைச் சொன்னேன். ஆனால் அதன் பொருள் என்னவென்று அவர் கவலைப்படும் அளவுக்கு அழுத்திச் சொல்லவில்லை.

ஏப்ரலில் மறுபடியும்

பத்து வாரம் கழித்து அவர் திரும்ப வந்தார். சத்தம் மறுபடியும். இந்தமுறை மெல்லியது, ஒரு விநாடிதான், ஆனால் தொனி முன்பைவிடக் கனம், கீழே இருந்து. மேல் கவர்களைத் திறந்து பார்த்தோம், புதிய டென்ஷனர்கள் இரண்டும் போட்டபடியே இருந்தன.

முன் கவரைத் திறந்தோம். இடது நீளச் செயினின் வழிகாட்டிப் பட்டை, நான் மேலிருந்து பார்த்த பகுதிக்குக் கீழே, குறுக்கே வெடித்திருந்தது. ஜனவரியில் மேல் முனை மட்டுமே என் கண்ணில் பட்டது. வெடிப்பு அப்போதே இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். பத்து வாரத்தில், நல்ல ஆயிலில், அவ்வளவு ஓட்டமே இல்லாத வண்டியில் அது புதிதாக வந்திருக்க வாய்ப்புக் குறைவு.

இந்தமுறை சம்பையும் இறக்கினோம். ஆயில் உறிஞ்சும் குழாயின் வலையில், அந்த நகத் துண்டு தட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஜனவரியிலிருந்து துணியில் முடிந்து வைத்திருந்த டென்ஷனரை எடுத்து அதைப் பக்கத்தில் வைத்தேன். அப்படியே பொருந்தியது. வலையின் ஒரு மூலையைத்தான் அது மூடியிருந்தது. இன்னும் இரண்டு துண்டுகள் சேர்ந்து வந்திருந்தால் ஆயில் அழுத்தமே போயிருக்கும். அழுத்தம் போனால் பேரிங்குகள் போகும்.

நீளச் செயின்கள், டென்ஷனர்கள், வழிகாட்டிகள் எல்லாவற்றையும் மாற்றினோம். கேம் கவர் சீல்களை மறுபடி வாங்க வேண்டியிருந்தது. ஜனவரியிலேயே செய்திருந்தால் ஒருமுறை திறந்ததிலேயே முடிந்திருக்கும் வேலை. மேல் கவர்களை மறுபடி திறந்து மூடிய கூலியை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். பாகங்களின் விலையையும் முன் கவரின் கூலியையும் மட்டும் அவரிடம் வாங்கினோம். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அதற்கு உரிமை இருந்தது.

இனி என்ன செய்வேன்

முன் கவரைத் திறக்காமல் விடுவது என்ற முடிவு இன்றைக்கும் சில வண்டிகளுக்குச் சரியாக இருக்கலாம். நான் அதை எதை வைத்து எடுத்தேன் என்பதுதான் தவறு. பட்டையின் மேல் மூன்றில் ஒரு பங்கைப் பார்த்துவிட்டு முழுப் பட்டைக்கும் நற்சான்று கொடுத்தேன். அப்போதே எங்களிடம் நுழைகேமரா இருந்தது, அலமாரியில். கேம் கவர் திறந்திருந்தபோது அதைச் செயின் வாய் வழியே இறக்கியிருந்தால் ஐந்து நிமிடத்தில் வெடிப்பு தெரிந்திருக்கும். இப்போது இந்த என்ஜினில் மேல் டென்ஷனரில் விரிசல் இருந்தால், கேமராவை இறக்காமல் விலை சொல்வதில்லை.

துண்டுகளின் கணக்கு ஒத்துவராவிட்டால் சம்ப் இறங்கும். அதற்கு ஆகும் நேரத்தை முதல் மதிப்பீட்டிலேயே எழுதிவிடுகிறோம், பிறகு சேர்த்தால் வாடிக்கையாளருக்கு அது ஏமாற்றுவது போலத் தெரியும். கெட்டியான ஆயிலை ஊற்றிச் சத்தத்தைக் குறைக்கும் யோசனையோடு யார் வந்தாலும், முதலில் கவரைத் திறந்து பார்க்கலாம் என்றுதான் சொல்கிறேன். அந்த இலையுதிர் காலத்தில் சத்தம் குறையாமல் இருந்திருந்தால் இந்த மனிதர் மூன்று மாதம் முன்பே நம்மிடமோ வேறு யாரிடமோ வந்திருப்பார்.

ரசீது எழுதும் விதத்தையும் மாற்றிக்கொண்டோம். ‘டென்ஷனர் மாற்றப்பட்டது’ என்று இப்போது எழுதுவதில்லை. பாகத்தின் எண், உடல் அலுமினியமா பிளாஸ்டிக்கா, எந்தப் பக்கம், எந்தச் செயின், என்ன மைலில், எதைத் தொடவில்லை என்பது வரை எழுதி, போட்ட பாகத்தின் படத்தையும் சேர்த்துக் கொடுக்கிறோம். 2001இல் அந்த ரசீதை எழுதியவர் இன்னும் இரண்டு சொல் சேர்த்திருந்தால் போதும்.

வண்டி அதற்குப் பிறகு 2015 வரை எங்களிடம்தான் சர்வீஸுக்கு வந்தது. 90,000 மைல் தாண்டியபோது இடது கேம் கவரை ஒருமுறை திறந்து பார்த்தேன், நழுவுபட்டையில் லேசான பளபளப்பைத் தவிர ஒன்றுமில்லை. படத்தை அச்செடுத்து அவரிடம் கொடுத்தேன். நீலக் கோப்பில், அந்த மே மாத ரசீதுக்கு அடுத்த தாளாக அதைச் செருகிக்கொண்டார்.